புலிவாய் அளவு

சிங்கப்பூரில் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்கள் மழைக்கு உரியவை. வடகிழக்குப் பருவக்காற்று வந்திறங்கியதும் அடுக்குமாடிகளின் நடைவழிகளில் சாரல் அடிக்கத் தொடங்கும். மூங்கில் கழியில் மாட்டிய துணி மூன்று நாளானாலும் காயாது. வெளியே ஈரமும், பேருந்துக்குள் குளிர்சாதனமும் மாறி மாறி உடம்பைப் பதம் பார்க்கும். 2001ஆம் ஆண்டு டிசம்பரில் அப்படியொரு மாலையில் நாங்கள் இருவரும் தொப்பலாக நனைந்து வீடு திரும்பினோம். மின்தூக்கியிலிருந்து வாசல் வரை வருவதற்குள் ஆளுக்கு நான்கைந்து தும்மல். எதிர்வீட்டுக் கதவின் இரும்புக் கிராதிக்குப் பின்னாலிருந்து ஆண்ட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்ட்டி என்றே நாங்கள் அவரை அழைத்து வந்தோம். அந்தத் தளத்தில் எல்லோருக்கும் அவர் ஆண்ட்டிதான். பெற்றோர் குவாங்டோங் மாநிலத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர் பிறந்தது இங்கே. தையல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். கான்டனீஸ் அவரது தாய்மொழி. எங்களோடு பேசுவதற்குச் சந்தை மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் வைத்திருந்தார். எங்களிடம் இருந்த மலாய் அதைவிடக் குறைவு. ஆயினும் இரண்டு ஏழைகள் சேர்ந்து ஒரு குடும்பம் நடத்துவதைப்போல, இரு தரப்பின் மலாயையும் கூட்டிச் சேர்த்து உரையாடல் நடந்துவிடும்.

அன்று அவர் கிராதியைத் திறந்து வெளியே வந்து, முதலில் எங்கள் பிடரியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு கேள்விகள். காற்று பட்டால் உடம்பு நடுங்குகிறதா? வியர்த்ததா, இல்லையா? பின்கழுத்து இறுகியிருக்கிறதா? மூக்கில் வடிவது தண்ணீரா, மஞ்சளா? தொண்டை வலிக்கிறதா? தாகம் எடுக்கிறதா? தும்மலுக்கு இத்தனை விசாரணையா என்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வியர்வை இல்லை, நடுக்கம் உண்டு, மூக்கில் தண்ணீர், தொண்டையில் வலியில்லை என்று விடைகள் வந்ததும் அவர் முகம் தெளிந்தது. "சொங் ஃபுங்" என்றார். காற்றினால் காயப்படுதல் என்பது அதன் நேர்ப்பொருள். கான்டனீஸ் பேசுவோர் சளிக்கு வைத்திருக்கும் பெயரே அதுதான். மலாய்க்காரர்களும் 'மாசுக் ஆங்கின்' என்று, காற்று உள்ளே நுழைந்துவிட்டதாகச் சொல்வார்கள். நோய் செய்பவற்றை எண்ணும்போது வளியை முதலில் வைத்து எண்ணிய வள்ளுவரை நினைத்துக்கொண்டோம். காற்றின் மீது இந்தப் பக்கத்து மக்கள் எல்லோருக்கும் ஒரு பழைய சந்தேகம் இருந்து வந்திருக்கிறது.

தொண்டை வலித்து, சளி மஞ்சளாக இருந்திருந்தால் அவர் வேறு மருந்து சொல்லியிருப்பார். அது சூட்டுக் காற்று. அதற்குச் செவந்திப்பூவும் மல்பெரி இலையும். எங்களுக்கு வந்தது குளிர்க் காற்று. அதுவும் அப்போதுதான் வந்தது. இன்னும் வாசலிலேயே நிற்கிறது. வாசலில் நிற்பவனை அனுப்பக் கத்தி எதற்கு, கதவைத் திறந்து போகச் சொன்னால் போதும் என்ற பொருளில் ஏதோ சொன்னார். கதவு என்று அவர் சொன்னது தோலின் துளைகளை.

*

நடைவழியில் அவர் வாசலோரம் நான்கு மண்தொட்டிகள் இருந்தன. நான்கிலும் வெங்காயத்தாள். ஈரச்சந்தையில் வாங்கும் தாளைச் சமையலுக்கு அறுத்ததும் அடிப்பகுதியை வேரோடு மண்ணில் ஊன்றிவிடுவார். பத்து நாளில் மீண்டும் பச்சையாக எழுந்து நிற்கும். மருந்துக்கு மட்டும் வேரோடு பிடுங்குவார். அன்று அப்படிப் பிடுங்கிய தாள்களின் பச்சையைக் கிள்ளி ஒதுக்கி, வெள்ளைத் தண்டை மட்டும் மீசைபோன்ற வேரோடு கழுவினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வட்டமாக்கி, அந்த வளையத்துக்குள் தண்டுகளை நிறைத்துப் பார்த்தார். அதுதான் அளவு. அதற்குப் புலிவாய் என்று பெயர்.

இன்னொரு பொருள் தௌசி. கறுப்பாக, சுருங்கி, ஆட்டுப்புழுக்கை போலிருக்கும், புளிக்கவைத்த சோயா அவரை. சமையலறையில் இருக்கும் உப்பிட்ட தௌசி வேறு. மருந்துக்கு உப்பில்லாதது வேண்டும். அதற்காகவே மருந்துக்கடையில் வாங்கிய சிறு பொட்டலம் ஒன்று அவரிடம் இருந்தது. அவரையை முதலில் கொதிக்க விட்டு, தண்டுகளைக் கடைசியில் போட்டு, ஒன்றிரண்டு கொதியோடு இறக்கிவிட்டார். வெங்காயத்தின் காரமான வாசம் ஆவியோடு போகும் இயல்புடையது. அடுப்பில் அதிக நேரம் விட்டால் மருந்து காற்றுக்குப் போய்விடும், கிண்ணத்தில் சக்கைதான் மிஞ்சும்.

குடித்தோம். சுவை என்று சொல்ல அதிகமில்லை. ஊறிய மண்ணின் வாசம், பின்னால் ஓர் இனிப்பு, மூக்குக்குள் மெல்ல ஏறும் காரம். கொஞ்ச நேரம் கழித்து உப்பில்லாத அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம். பிறகு கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். நெற்றியிலும் முதுகிலும் பனித்துளிபோல் வியர்வை அரும்பினால் போதும், ஆறாக ஓடக்கூடாது. அதிகம் வியர்த்தால் காற்றோடு உடம்பின் பலமும் வெளியே போய்விடும் என்பது அவர் எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதியை விரலை நீட்டிச் சொன்னார்: இது முதல் நாளுக்கு, மிஞ்சிப்போனால் இரண்டாம் நாளுக்கு. மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு டாக்டரிடம் போ.

*

இந்தக் கஷாயத்துக்கு எழுத்தில் பதிவான வயது ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் என்பதைப் பின்னாளில் நாங்கள் படித்து அறிந்தோம். இதை எழுதி வைத்தவர் கோ ஹோங். கி.பி. 283இல் பிறந்தவர். தாவோ நெறியினர், இரசவாதி. சாகா மருந்து தேடியவர். கடைசிக் காலத்தைக் குவாங்டோங்கின் லோஃபூ மலையில் கழித்தார். சாகாமையைத் தேடிய அதே மனிதர், சாதாரண மக்கள் சாதாரண நோயில் சாகாமல் இருப்பதற்கும் ஒரு நூல் எழுதினார். அவசரத்துக்கு உதவும் மருந்து முறைகளை, முழங்கைக்குப் பின்னால், அதாவது அங்கியின் அகன்ற கைக்குள் செருகி எடுத்துப்போகும்படி திரட்டிய கைநூல் அது. விலையுயர்ந்த சரக்குகளும் மருத்துவரும் கிடைக்காத இடங்களில் இருப்பவர்களை நினைத்து எழுதப்பட்டது. ஆகவேதான் அதில் வேலியோரச் செடிகளும் அடுப்படிப் பொருள்களும் நிறைய. வெங்காயத்தாளுக்குத் தராசு கேட்கவில்லை அவர், கையே தராசு. அவரைக்கு ஒரு படி, தண்ணீருக்கு மூன்று படி, அதை ஒரு படியாகச் சுண்டவைக்க வேண்டும். அக்காலத்து 'ஷெங்' என்ற அந்தப் படி ஏறத்தாழ 200 மில்லி லிட்டர்.

அதே நூலில்தான் முறைக்காய்ச்சலுக்கான இன்னொரு குறிப்பும் இருக்கிறது. சிங்ஹாவ் என்னும் செடியில் ஒரு பிடி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து குடிக்கச் சொல்கிறது. வியட்நாம் போர்க்காலத்தில், 1967இல், மலேரியாவுக்கு மருந்து தேடிச் சீனா தொடங்கிய இரகசியத் திட்டத்தில் பணியாற்றிய தூ யூயூ, காய்ச்சாமல் பிழியச் சொன்ன இந்த இடத்தில் நின்று யோசித்தார். வெப்பம்தான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று, குறைந்த வெப்பத்தில் ஈதரைக்கொண்டு சாற்றைப் பிரித்தார். 1971இல் அது பலித்தது. ஆர்ட்டெமிசினின் பிறந்தது. 2015இல் நோபல் பரிசு.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட கிளர்ச்சியை மறைப்பானேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்பில்லாத தௌசியைத் தயாரிக்கும் முறைகளுள் ஒன்றில், மல்பெரி இலையையும் இதே சிங்ஹாவையும் காய்ச்சிய நீரில்தான் சோயாவை ஊறவைக்கிறார்கள். பிறகு அவித்து, அந்த இலைச் சக்கையாலேயே மூடி, மஞ்சள் பூசணம் படரும்வரை புளிக்க விடுகிறார்கள். ஆண்ட்டியின் கிண்ணத்துக்குள் நோபல் பரிசு ஊறிக் கிடந்ததாகச் சொல்லிவிடும் ஆசை எவருக்கும் வரும். ஆனால் அது நேர்மையாகாது. ஆர்ட்டெமிசினின் கோ ஹோங் சொன்னார் என்பதற்காக மருந்தாகவில்லை. சோதித்தார்கள், அளந்தார்கள், பலவற்றைக் கழித்தார்கள், இது நின்றது. அதே நூலின் பக்கத்து ஏட்டில் இருப்பதனால் வெங்காயத்தாளுக்கு அந்தப் பெருமை ஒட்டிக்கொள்ளாது.

சளிக்கான சீன மூலிகைகள் குறித்து 2007இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, நடந்த ஆய்வுகளின் தரம் போதாது, அவற்றைக்கொண்டு எதையும் பரிந்துரைக்க இயலாது என்றே முடித்தது. சாதாரணச் சளி மருந்தில்லாமலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும் என்பதும் எல்லோரும் அறிந்ததுதான். அன்றைக்கு நாங்கள் குடித்து, வியர்த்து, மறுநாள் மூக்கு அடைப்பு நீங்கி எழுந்தோம். அவரைக்கா, வெங்காயத்துக்கா, கஞ்சிக்கா, போர்வைக்கா, எதிர்வீட்டிலிருந்து ஒருவர் கிண்ணத்தோடு வந்து நின்றதற்கா, எதற்கு அந்தப் பலனை எழுதுவது? 2008இல் பிரிட்டனின் கார்டிஃபில் நடந்த சிறிய ஆய்வொன்று சூடான பழச்சாற்றைச் சளி பிடித்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மூக்கின் காற்றோட்டத்தை அளந்தால் மாற்றமில்லை. ஆனால் இருமல், தும்மல், தொண்டை வலி, நடுக்கம் எல்லாம் தணிந்ததாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். அளவுகோலுக்குத் தெரியாத ஆறுதலும் ஆறுதல்தான். நாங்கள் இதை மருந்துக்குச் சாட்சியாகச் சொல்லவில்லை. கிண்ணத்துக்குச் சாட்சியாகச் சொல்கிறோம்.

*

மென்மையான மருந்து என்று ஆண்ட்டி இதை அழைத்தது எதனோடு ஒப்பிட்டு என்பதும் பின்னர்தான் விளங்கியது. சீன மருத்துவத்தில் குளிர்க் காற்றுக்கு வலிய மருந்து மாஹுவாங், அதாவது எஃபெட்ரா. வியர்வையை அடித்து வெளியேற்றும். கூடவே நெஞ்சைப் படபடக்க வைக்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். அதிலிருந்து எஃபெட்ரினை 1885இல் ஜப்பானியரான நகாய் நகாயோஷி பிரித்தெடுத்தார். மெலிவதற்கென்று விற்கப்பட்ட எஃபெட்ரா மாத்திரைகளால் மாரடைப்பும் பக்கவாதமும் நேர்ந்ததையடுத்து, 2004இல் அமெரிக்கா அவற்றைத் தடைசெய்தது. முதியவருக்கும், மெலிந்தவருக்கும், பிள்ளை பெற்றவளுக்கும் அந்த வேகம் ஆகாது என்று கண்ட மருத்துவர்கள், அதனிடத்தில் இந்த வெங்காயக் கஷாயத்தை வைத்தார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. இலவங்கப்பட்டையின் இளங்கிளையோடு இஞ்சி, இலந்தை, அதிமதுரம் முதலியன சேர்த்துக் காய்ச்சுவது. அதை எழுதியவர் கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஷாங் ஷோங்ஜிங். அவருடைய நூலின் முன்னுரை மறக்க முடியாதது. இருநூறு பேருக்கு மேலிருந்த அவரது குலத்தில், 196ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் குளிர்க்காய்ச்சலால். அந்தத் துயரத்திலிருந்து எழுதப் புகுந்தவர், மருந்தைக் குடித்த கொஞ்ச நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி குடிக்கச் சொல்கிறார், போர்த்திக்கொள்ளச் சொல்கிறார், வியர்வை ஆறாக ஓடக்கூடாது என்கிறார், முதல் கிண்ணத்திலேயே குணமானால் மீதியைக் குடிக்காதே என்கிறார். எங்கள் ஆண்ட்டி அந்த நூலைப் படித்தவரல்லர். அவருக்கு எழுதப் படிக்கவே அதிகம் தெரியாது. பதினெட்டு நூற்றாண்டுக்கு முந்திய அந்தக் குரல் எத்தனையோ தாய்மார் வாய்வழியாக வந்து, எங்கள் நடைவழியில் சந்தை மலாயில் பேசியிருக்கிறது.

அந்தக் கஞ்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீனர்களின் அரிசிக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'காஞ்ஜி' என்ற பெயர், போர்த்துகீசியர் வாய்வழியாகப் போன நம் தமிழ்ச் சொல்தான். அதை நாங்கள் ஆண்ட்டியிடம் விளக்க முயன்றோம். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், அரிசி என்னுடையது என்றார்.

*

2003. அதற்கு முந்தைய நவம்பரில் குவாங்டோங்கில் தொடங்கிய காய்ச்சல் மார்ச்சில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. சார்ஸ் என்று பெயரிட்டார்கள். மார்ச் 27 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரலில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் நோய் கண்டதும் அதையும் மூடினார்கள், காய்கறி அருகிப்போனது. மாணவர்களுக்கு வெப்பமானி கொடுத்தார்கள். காலையில் நலம் விசாரிப்பதற்குப் பதிலாக வெப்பம் விசாரித்துக்கொண்டோம். இருமலை அடக்கி அடக்கி மின்தூக்கிக்குள் கண்கள் கலங்கின. முடிவில் இந்த ஊரில் 238 பேருக்கு நோய் கண்டு 33 பேர் இறந்தார்கள். அவர்களுள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களும் தாதியரும் இருந்தார்கள்.

அந்த ஏப்ரலில் ஒரு நாள் ஆண்ட்டியின் தொட்டியில் ஒரு குழி கண்டோம். வெங்காயத்தாள் வேரோடு பிடுங்கப்பட்டிருந்தது. இரவு அவர் வீட்டிலிருந்து அந்த மண்வாசம் வந்தது. மறுநாள் இன்னும் குழிகள். அதற்கு மறுநாள் ஒரு தொட்டி முழுவதும் வெறுமையாக இருந்தது. சந்தை மூடியதால் சமையலுக்குப் பிடுங்கியிருப்பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சமையலுக்கு அவர் வேரோடு பிடுங்குவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவருக்கும் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். ஆயினும் அந்த வாசலைக் கடக்கும்போது சுவரோரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். எங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை அன்று.

மூன்றாம் நாள் இரவும் அதே வாசம் வந்தது. முதல் நாளுக்கு, மிஞ்சிப்போனால் இரண்டாம் நாளுக்கு என்று விரல் நீட்டிச் சொன்னவர் அவர். தன் விதியைத் தானே மீறுகிறார் என்றால் அவருக்கு அச்சம். ஆம்புலன்சில் ஏற்றிப் போவார்கள், தனியறை, முகம் தெரியாத அங்கிகள், பார்க்க எவரையும் விடமாட்டார்கள், மகனோ வெளிநாட்டில். நான்காம் நாள் காலை முகக்கவசம் கட்டிக்கொண்டு கதவைத் தட்டினோம். கிராதிக்குப் பின்னால் அவர் வந்து நின்றபோது மூச்சு வாங்கியது, உதடு வறண்டிருந்தது. நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்பே, "தொண்டை வலியில்லை, வெறும் காற்று" என்றார். இம்முறை விசாரணையை நாங்கள் நடத்தினோம். எத்தனை நாள்? வெப்பம் எவ்வளவு? எந்தெந்த விடைக்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று பார்த்தோம். பிறகு தொலைபேசியில் அழைத்தோம். ஆட்கள் வந்தார்கள். போகும்போது அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சார்ஸ் இல்லை. சாதாரண நிமோனியா. சாதாரணம் என்றாலும் எழுபது வயதில் அது உயிர் குடிக்கும் நோய். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கடினம் என்று பிற்பாடு அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழித்து மெலிந்து திரும்பினார். அன்று மாலையே கிராதிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெறுந்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சந்தையில் வாங்கி வந்த தாள்களின் அடியை நட்டுக்கொண்டிருந்தோம். நெடுநேரம் கழித்து அவர் கேட்டார்: "முதல் நாளே வாசம் வந்திருக்குமே?"

வந்தது என்றோம். அதற்குமேல் சொல்ல எங்களிடம் மலாய் இல்லை. தமிழ் இருந்திருந்தாலும் சொல்லியிருப்போமா என்பது ஐயமே. அவர் தலையசைத்தார். பிறகு, வேரை இன்னும் ஆழமாக ஊன்றச் சொன்னார்.

*

ஆண்ட்டி 2012இல் காலமானார். நோயினால் அன்று, உறக்கத்தில். அவர் மகன் வீட்டைக் காலிசெய்தபோது தொட்டிகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவை இப்போது எங்கள் வாசலில் இருக்கின்றன. 2020இல் மீண்டும் ஊர் அடங்கியபோது, அந்தத் தளத்தில் தனியாக இருந்த மூன்று முதியவர்களுக்கும் நாங்கள் நாள்தோறும் காலையில் தொலைபேசினோம். பெரிய புண்ணியம் ஒன்றுமில்லை, பழைய கடன்.

மருந்துகளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே. தொடக்கத்திலேயே கவனித்தால் மென்மையான கை போதும். கவனிக்கத் தவறிய பிறகு மென்மையான கையை நம்பிக்கொண்டிருப்பது ஆபத்து. எந்தக் கிண்ணத்துக்கும் கவிழ்க்கும் நாள் ஒன்று உண்டு. அதைத் தெரிந்தவர்கூட அச்சத்தில் மறந்துபோவார். அப்போது எதிர்வீட்டில் யாராவது நாள்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வீட்டில் எவராவது தும்மினால் இன்றும் தொட்டியிலிருந்து வேரோடு பிடுங்குகிறோம். விரலை வளைத்து அளவு பார்க்கிறோம். எங்கள் கை ஆண்ட்டியின் கையைவிடச் சற்றுப் பெரியது. ஆகவே ஒரு தாளைக் குறைத்துக்கொள்கிறோம்.